ஊதினால் சாவி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சூடம் ஏற்றி அணைத்துச் செய்த சத்தியம். ஈரத்துணியோடு கோவிலைச் சுற்றி வந்து செய்யச் சொன்னாலும் செய்யலாம். பங்குனி வெயிலுக்கு அதுவும் சுகமாகத்தான் இருக்கும். சந்தேகப்படுகிறவர்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் இறங்கி, சித்தேரி மலையைப் பார்த்தபடி நடந்து, புளி தட்டும் சத்தம் கேட்கிற முதல் ஊரில் விசாரிக்கலாம். அங்கே இதையே இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். இங்கே குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

மாயவன் குட்டியானை ஓட்டுகிறவன். லோடு ஏற்றுகிற சின்ன வண்டியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். விடிந்தால் தக்காளி, கத்தரி. பகலில் மரவள்ளிக் கிழங்கு. மாசி, பங்குனியில் புளி. எந்த லோடு ஏற்றினாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் போகும். எதிரே வருகிறவர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குத் தலையசைப்பார்கள்.

போன வருஷம் மொரப்பூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு வந்தபோது மாயவன் மாட்டினான். ரோட்டில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் வரைக்கும் சட்டம் பொறுத்துக்கொள்ளும். மாயவனுக்குத் தொண்ணூற்றாறு காட்டியது. கோர்ட்டில் நின்றான். அபராதம் கட்டினான். லைசென்ஸை ஆறு மாதம் முடக்கிவைத்தார்கள். இன்னொரு தடவை பிடிபட்டால் ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று எழுதிப் படித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஆறு மாதமும் அவன் பெண்டாட்டி சோபனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டினான். அது பெண்கள் பார்க்கிற வேலை. காய்ந்த பழத்தை ஓடு உடைத்து, நார் உரித்து, கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கொட்டை வெளியே துள்ளும். சதை நசுங்கக் கூடாது, கொட்டை உடையக் கூடாது. சோபனா பேசிக்கொண்டே தட்டுவாள். கை தனியாக வேலை செய்யும். மாயவன் பேசாமல் தட்டினான், அப்படியும் பாதி அடி கட்டைவிரலில் விழுந்தது. விரல் தட்டையாகிப் போய், ரேகை அழிந்து, அவனுடைய செல்போன் அவனை யாரோ என்று நினைத்து ஆறு மாதமும் திறக்கவே இல்லை. புளித் தூசி மூக்கில் ஏறித் தும்மினான். பக்கத்தில் உட்கார்ந்து தட்டும் பெண்கள் அவனுக்கென்று கதைகளை மாற்றிச் சொன்னார்கள். அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

லைசென்ஸ் திரும்பி வருகிற வாரத்தில் சோபனா அவனிடம் ஒன்று சொன்னாள். கத்திச் சொல்லவில்லை. கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு வாட்டி குடிச்சீங்கன்னு தெரிஞ்சா, நானும் பாப்பாவும் பாப்பாரப்பட்டி போயிடுவம். எங்கம்மா வூட்டுக்கு. அப்பறம் வந்து கூப்புடாதீங்க."

சோபனா எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளாடு அடுப்படிக்குள் வந்து மாவுச் சட்டியில் வாய் வைத்தது. அதனிடமும் ஒரே தடவைதான் சொன்னாள். அந்த ஆடு அதற்குப் பிறகு வந்ததே இல்லை. அதன் குட்டிகளும் வந்ததில்லை. இப்போது இருக்கிற நாலாந்தலைமுறை ஆடுகள்கூட அந்த வாசலைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டுதான் போகும். மாயவன் அதைப் பார்த்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன். அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேச்சை நம்பி வண்டியைக் கொடுக்க அவள் தயாராக இல்லை. பத்தாவது படிக்கிற மகள் கவிப்பிரியாவிடம் சொல்லி, போனில் தேடி, ஊதிப் பார்க்கிற மிஷின் ஒன்றை வரவழைத்தாள். போலீஸ் வைத்திருப்பது மாதிரியே, ஆனால் கைக்கு அடக்கமாக இருந்தது. கூடவே வந்த காகிதத்தில் பதினோரு மொழியில் எழுதியிருந்தது. அதில் தமிழ் இல்லை. கவிப்பிரியா மூன்று நாள் படித்து விஷயத்தைக் கண்டுபிடித்தாள். பட்டனை அமுக்க வேண்டும், குழாயை வாயில் வைத்து விடாமல் ஊத வேண்டும், நம்பர் வரும். முப்பதுக்கு மேலே போனால் சிவப்பு எரிந்து, எலிக்குஞ்சு காலில் மிதிபட்ட மாதிரி கத்தும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு முறை ஏற்பட்டது. மாயவன் ஐந்தரை மணிக்கு எழுவான். குளிப்பான். சோபனா ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் உப்பு மிளகாயும் வைத்துக் கொடுப்பாள். குடித்துவிட்டு வாசலில் நிற்பான். அவள் மிஷினை நீட்டுவாள். ஊதுவான். முட்டை வரும். இடுப்பில் செருகியிருக்கிற சாவியை எடுத்துக் கொடுப்பாள். ஊதினால் சாவி. நாற்பத்தோரு நாள் இப்படி நடந்தது. நாற்பத்தோரு முட்டை.

மிஷின் வந்த சேதி ஊரில் பரவாமல் இருக்குமா. முதல் வாரமே வாசலில் வரிசை நின்றது. மரமேறி சவுரியப்பன் தினமும் வந்து ஊதினார். அவர் ஊதினால் மிஷின் கொஞ்ச நேரம் எதுவும் காட்டாது, மலைத்துப் போய் நிற்கும், அப்புறம் கத்தும். நேற்றைக்கு நூற்றெழுபது, இன்றைக்கு நூற்றெண்பது, ஏறுமுகம் என்று அவர் தெருவில் சொல்லிக்கொண்டு போவார். கோவில் சாமியாடிக்குத் திருவிழா அன்று எண்பத்திரண்டு காட்டியது. அவர் பதறவில்லை. நான் ஊதவில்லை, சாமி ஊதிச்சு என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் விசாரிக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஜவ்வரிசி மில்லில் மிஞ்சிப் புளித்துப்போன மரவள்ளித் திப்பி தின்கிற எருமை ஒன்றுக்குக் குழாயை மூக்கில் வைத்துப் பார்த்ததில் பதினெட்டு வந்தது. முப்பதுக்குள் இருப்பதால் அது ரோட்டில் போவதற்குத் தடையில்லை என்று முடிவாயிற்று. பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையைக் காபி கொடுப்பதற்கு முன்னால் ஊதச் சொன்னார்கள். பையன் ஊதினான், சுத்தம். அவனுடைய அப்பாதான் அவசர வேலை என்று எழுந்து போனவர் திரும்பவில்லை.

இவ்வளவு பேர் ஊதியும் சோபனா அந்தக் குழாயைத் தினமும் வெந்நீரில் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். மாயவனுக்கு அது அவள் வாயில் வைக்கிற கரண்டியைவிடப் பத்திரமாகத் தெரிந்தது.

நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் பொம்மிடியில் அவனுடைய பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. சோபனாவுக்குப் புளி மூட்டை கட்டுகிற வேலை இருந்தது. மாயவன் மட்டும் பஸ்ஸில் போனான். சாமியானாவுக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து தம்ளரைச் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ரெண்டு பேர் அவனுக்குப் பங்காளிகள். கூப்பிட்டார்கள். மிஷினைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். உன் பெண்டாட்டி உன் வாயில் மீட்டர் மாட்டியிருக்கிறாளாமே என்றார்கள். மாயவன் அவர்களுக்கு நடுவில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். தம்ளர் அவன் கையைத் தாண்டி ஆறு தடவை போயிற்று. அவன் பிரியாணி சாப்பிட்டான், பாயசம் குடித்தான், எட்டு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கூழைக் குடித்தான். அன்றைக்குக் கூழ் கொஞ்சம் காரமாக, தொண்டையில் சுர்ரென்று இறங்கியது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக அவளுடைய குழம்பிலும் ஒரு கசப்பு இருந்தது. அதையும் அவன் சொன்னதில்லை. ஆட்டின் கதை ஞாபகம் இருக்கிறவன் சமையலைப் பற்றிப் பேச மாட்டான். வாசலில் நின்று குழாயை வாயில் வைத்து ஊதினான்.

மிஷின் கத்தியது. சிவப்பு எரிந்தது. நாற்பத்தி ரெண்டு.

ரெண்டு பேரும் அந்த நம்பரையே பார்த்தார்கள். பக்கத்தில் வண்டியில் தக்காளிக் கூடைகள் ஏற்றிக் கட்டியிருந்தது. வெயில் அப்போதுதான் மலைக்கு மேலே வந்து கூடைகளில் விழுந்தது.

"நான் குடிக்கல சோபனா."

அவள் மறுபடியும் மிஷினை நீட்டினாள். ஊதினான். முப்பத்தெட்டு. மறுபடியும் கத்தியது.

"நேத்து பொம்மிடில யார் யார் இருந்தாங்க?"

அவன் பொய் சொல்லவில்லை. பங்காளிகள் பெயரைச் சொன்னான். உட்கார்ந்திருந்ததையும் சொன்னான். தொடவில்லை என்றும் சொன்னான். சொல்லும்போதே, இதை வேறு ஒருத்தன் சொன்னால் தானே நம்ப மாட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது.

சோபனா அழவில்லை. உள்ளே போனாள். சுத்தியலைக் கழுவிப் புளிப் பெட்டியில் வைத்து மூடினாள். கட்டைப்பையில் ரெண்டு புடவையை வைத்தாள், மாடத்திலிருந்து எதையோ எடுத்து வைத்தாள், மிஷினையும் வைத்தாள். கவிப்பிரியா ஸ்பெஷல் கிளாஸுக்கு ஏழு மணி பஸ்ஸிலேயே போயிருந்தாள். சாயங்காலம் நேராகப் பாப்பாரப்பட்டிக்கு வரச்சொல்லி அவள் டீச்சருக்குப் போன் பண்ணப்போவதாகச் சொன்னாள். சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பிரிவு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

மாயவன் பின்னாலேயே போனான். பிரிவு ரோட்டுக்கு அரைமணி நேர நடை. மரவள்ளிக் காடு, அப்புறம் மஞ்சள் வெட்டியெடுத்த வெறும் நிலம், அப்புறம் வரிசையாகப் புளியமரங்கள். மரத்தின் மேல் ஆட்கள் நின்று உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பெண்கள் தார்ப்பாயில் பழம் பொறுக்கினார்கள். எங்க புருஷனும் பொண்டாட்டியும் காலங்காத்தால என்று ஒருத்தி கேட்டாள். சோபனா நடையை எட்டிப் போட்டாள். மாயவன், சும்மா என்றான். கையில் கட்டைப்பையோடு பத்தடி முன்னால் போகிற பெண்டாட்டிக்கு அதைவிட நல்ல விளக்கம் அவனிடம் இல்லை.

வழியெல்லாம் அவன் தன்னையே சந்தேகப்பட்டான். பாயசத்தில் ஏதாவது கலந்திருப்பார்களா. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் விட்ட மூச்சு உள்ளே போயிருக்குமா. தூக்கத்தில் எழுந்து போய்க் குடித்திருப்போமா. பழைய பழக்கம் உடம்புக்குள்ளேயே ஊற்றெடுக்குமா. பாதி வழியில், மிஷின்தான் சரி, நாம்தான் எங்கோ குடித்துவிட்டு மறந்திருக்கிறோம் என்றுகூட நினைத்தான்.

பிரிவு ரோட்டில் பஸ் நிற்கிற வேப்பமரத்துக்கு எதிரே போலீஸ் நின்றிருந்தது. ஹெல்மெட் பிடிக்கிற காலம். சப்-இன்ஸ்பெக்டர் நிர்மலாதேவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏட்டு பிரபாகர் வண்டிகளை மடக்கிக்கொண்டிருந்தார். மேஜையின் மேல் ரசீது மிஷினுக்குப் பக்கத்தில் ஊதுகிற மிஷின் இருந்தது. பெரியது. அரசாங்கத்துடையது.

மாயவன் அதைப் பார்த்தான். நேராக ரோட்டைத் தாண்டிப் போய் மேஜைக்கு முன்னால் நின்றான்.

"மேடம், எனக்கு ஊதிப் பாக்கணும்ங்க."

நிர்மலாதேவி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பதினாறு வருஷ சர்வீஸில் ஊத மாட்டேன் என்று ஓடியவர்களைப் பார்த்திருக்கிறார், மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறார், குழாயைக் கடித்து முழுங்கியவனைக்கூடப் பார்த்திருக்கிறார். தானாக வந்து கேட்டவனைப் பார்த்ததில்லை.

"வண்டி எங்கப்பா?"

"வண்டி வூட்ல இருக்குதுங்க. நடந்து வந்தன்."

"நடந்து வர்ற ஆளுக்கு ஊத வெக்க முடியாது. சட்டம் வண்டி ஓட்டறவனுக்குத்தான். நீ குடிச்சிருந்தாலும் நடந்து போலாம். போ."

அவன் கெஞ்சினான். நடந்ததைச் சொன்னான். ஏட்டு பிரபாகர் இடையில் புகுந்து, இது என்ன பிரஷர் பாக்கற ஆஸ்பத்திரியா, வர்றவன் போறவனுக்கெல்லாம் ஊதிக் காட்ட என்றார். வேப்பமரத்தடியில் சோபனா பையை மடியில் வைத்துக்கொண்டு, தர்மபுரி பஸ் வருகிற திக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பஸ் வர இன்னும் பத்து நிமிஷம்.

அப்போது புளியமரத்துக்குப் பின்னால் சவுரியப்பன் நின்றிருப்பது மாயவனுக்குத் தெரிந்தது. பக்கத்தில் அவருடைய பழைய மொபெட். போலீஸைப் பார்த்ததும் அதை மரத்துக்குப் பின்னால் ஒளித்து, தானும் ஒளிந்து, வயிறு மட்டும் மறையாமல் நின்றிருந்தார். காலை எட்டரை மணிக்கே அவர் நூற்றிருபதில் இருப்பார்.

மாயவன் அவரிடம் போனான்.

"அண்ணா, வண்டியக் குடுங்க."

"எதுக்கு தம்பி? போலீசு நிக்குது."

"அதுக்குத்தான்."

சவுரியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மொபெட் தன்னை விட்டுப் போவது நல்லது என்கிற அளவுக்குப் புரிந்தது. கொடுத்தார்.

மரத்தடியிலிருந்து சோபனா அதைப் பார்த்துவிட்டாள். நாற்பத்தி ரெண்டு காட்டிய வாயோடு மொபெட்டில் ஏறி உட்கார்கிறவனைப் பார்த்தாள். போன தடவை கையெழுத்து வாங்கியபோது அவளும் கோர்ட்டு வாசலில் நின்றவள்தான். ரெண்டு வருஷம். எழுந்து ரோட்டுக்கு ஓடிவந்தாள்.

"வேணாங்க. எறங்குங்க. அதுல ஏறாதீங்க."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"குடிச்சிருந்தா உள்ள போறன். நீ நிம்மதியா உங்கம்மா வூட்டுக்குப் போ. குடிக்கலன்னா?"

அவன் மொபெட்டைக் கிளப்பினான். நாற்பதடி தூரம் ஓட்டினான். இந்த நாற்பதடியை அவன் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினான் என்றால், இடது பக்கம் ஒதுங்கி, கை காட்டி, மேஜைக்கு முன்னால் கோடு போட்ட மாதிரி வந்து நின்றான். ஏட்டு பிரபாகர் கொட்டாவி விட வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இப்ப வண்டி ஓட்டிக்கினு வந்திருக்கறன் மேடம். பேரு மாயவன். போன வருசம் ஒரு கேசு இருக்குது. ஊத வெய்யுங்க."

நிர்மலாதேவி ரசீது மிஷினை எடுத்தார். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டியதற்கு முதலில் ஒரு ரசீது போட்டார். மாயவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதன் பிறகு புதுக் குழாய் ஒன்றைப் பிரித்து மாட்டி, அரசாங்க மிஷினை நீட்டினார்.

சோபனா அவன் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். பஸ் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது. மரத்தில் பழம் உலுக்கிக்கொண்டிருந்தவர்கள் உலுக்குவதை நிறுத்தினார்கள். மாயவன் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். ஆறு மாதம் புளித் தூசி குடித்த நெஞ்சில் இருந்ததை எல்லாம் சேர்த்து ஊதினான். அந்த ஊதலில் மேஜை மேல் இருந்த ரசீதுத் தாள்கள் பறந்து போய், ஏட்டு அவற்றைப் பொறுக்கக் கால் கிலோமீட்டர் நடக்க வேண்டியதாயிற்று.

மிஷின் ஒரு தடவை மட்டும் கீச்சென்றது. நிர்மலாதேவி அதைத் திருப்பி அவர்களுக்குக் காட்டினார்.

முட்டை. அதற்குப் பக்கத்தில் முட்டை. அதற்கும் பக்கத்தில் முட்டை.

மாயவன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் சந்தோஷம்கூட இல்லை. ரொம்ப நேரம் தலையில் வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி கழுத்தைத் தடவிக்கொண்டான். சோபனா நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் பையைத் திறந்து வீட்டு மிஷினை எடுத்தாள். நீட்டினாள். அவன் உட்கார்ந்தபடியே ஊதினான். அதிலும் முட்டை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, ஏறறீங்களா இல்லியா என்று கேட்டார். நடப்பதைப் பார்க்கப் பாதிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதால் அவரும் வண்டியை எடுக்கவில்லை.

நிர்மலாதேவி விசாரிக்க ஆரம்பித்தார். இப்படி ஒரு கேஸ் கைக்குச் சிக்குவது தினமும் நடக்கிறதில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எத்தனை மணிக்கு ஊதினான், அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரம் கழித்து ஊதினான் என்று வரிசையாகக் கேட்டார். சவுரியப்பன் மரத்துக்குப் பின்னாலிருந்தே, புளிச்ச கூழுக்கு அந்தக் குணம் உண்டு, நான் அதனாலதான் கூழே குடிக்கறதில்ல என்று குரல் கொடுத்தார். நாற்பத்தோரு நாளும் அதே கூழ்தானே, அப்போது ஏன் காட்டவில்லை என்று நிர்மலாதேவி கேட்டார்.

"இன்னிக்குக் கூழு கொஞ்சம் சுர்ருன்னு இருந்துச்சிங்க மேடம்" என்றான் மாயவன்.

நிர்மலாதேவி சோபனாவைப் பார்த்தார். சோபனா ரோட்டைப் பார்த்தாள்.

"கூழுல இன்னாம்மா போட்ட?"

சோபனா பையில் கையை விட்டு ஒரு சின்னக் கறுப்புப் பாட்டிலை எடுத்தாள். மாடத்திலிருந்து எடுத்து வைத்தது அதைத்தான்.

அவள் அதைச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பாப்பாரப்பட்டியில் ஒருத்தர் குடியை மறக்கடிக்கச் சொட்டு மருந்து கொடுக்கிறார். குடிக்கிறவனுக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும். தெரிந்தால் வேலை செய்யாது. ராத்திரிச் சோற்றில் பதினைந்து சொட்டு. நாற்பது நாளாக அவனுடைய குழம்பில் விட்டுக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி அவன் பொம்மிடியில் சாப்பிட்டுவிட்டு வந்ததால் மருந்து தவறிப்போயிற்று. ஒரு நாள் விட்டால் பழையபடி ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நேற்றைக்கு உண்டானதையும் இன்றைக்கு உண்டானதையும் சேர்த்து, பயத்தில் இன்னும் ஒரு மூடியும் சேர்த்து, காலையில் கூழில் ஊற்றிவிட்டாள். நாற்பத்தி ரெண்டு காட்டியதும் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்தாள். பாட்டிலைக் கொடுத்தவர் முகத்திலேயே வீசப்போகிறோம் என்றுதான் பையில் வைத்தாள்.

நிர்மலாதேவி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மோந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது எதுல ஊற வெச்சது தெரியுமாம்மா? முழுக்க ஸ்பிரிட்டு. குடிய நிறுத்தற மருந்தக் குடிய ஊத்தித்தான் செஞ்சிருக்கறாங்க. ராத்திரி குடுத்தா காலைக்குள்ள போயிடும். வாயில வெச்ச உடனே ஊத வெச்சா கத்தாம இன்னா பண்ணும்? அரைமணி நேரம் நடந்து வந்திருக்கறான், வாய் காஞ்சுபோச்சு. நாக்க நீட்டு."

சோபனா நீட்டினாள். பதினைந்து சொட்டு விட்டார். முகம் சுளித்து விழுங்கியதும் அவளுடைய மிஷினையே அவள் வாயில் வைத்து ஊதச் சொன்னார். ஊதினாள். எலிக்குஞ்சு கத்தியது. ஐம்பத்தெட்டு.

பஸ்ஸில் வந்தவர்கள், மரத்தின் மேல் நின்றவர்கள், மூட்டை சுமந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சவுரியப்பன் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, தங்கச்சி, மொத நாளே அம்பத்தெட்டு, நல்லா வருவ என்றார். அவரை அப்போதுதான் ஏட்டு பிரபாகர் கவனித்தார். ஆனால் அவர் நடந்துதான் வந்தார் என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மாயவன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டினான்.

"அப்ப நாப்பது நாளும் நானா நிறுத்தலியா? மருந்துதான் நிறுத்திச்சா?"

அவன் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. நாற்பத்தோரு முட்டையும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அதெல்லாம் இன்னொருத்தருடையது என்று தெரிந்த மாதிரி கேட்டான். நிர்மலாதேவிக்கே ஒரு மாதிரியாகி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சோபனா வாயைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு ஏதோ கணக்குத் தெளிவாகிக்கொண்டிருந்தது.

"நேத்து ராத்திரி மருந்து இல்லியே" என்றாள்.

"இன்னா?"

"நேத்து நீங்க வூட்ல சாப்புடல. ஒரு சொட்டு உள்ள போவல. பங்காளிங்களோட அரைமணி நேரம் ஒக்காந்திருந்தீங்க." நிறுத்தினாள். "தொடலயே."

"தொடல."

"அப்பறம் இன்னா. மருந்து ஒரு மண்ணும் பண்ணல. நீங்கதான்."

இதையும் அவள் ஒரு தடவைதான் சொன்னாள். அவனுக்கு அது போதும். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, இந்தத் தடவை மிஷினை நீட்டாமல், அவன் கையைப் பிடித்துத் திறந்து அதற்குள் வைத்து மூடினாள். தட்டையான கட்டைவிரலை ஒரு நிமிஷம் விடாமல் பிடித்திருந்தாள். தக்காளி வெயில்ல வேவுது, போலாம் வாங்க என்றாள்.

பாட்டிலில் மிச்சம் இருந்ததை நிர்மலாதேவி வேப்பமரத்தடியில் கொட்டச் சொன்னார். கொட்டினார்கள். அந்த மரம் இப்போதும் மேற்கே கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதன்மேல் சாய்வதில்லை, அதுதான் அவர்கள்மேல் சாய்கிறது. கண்டக்டர் விசில் அடித்தார். சோபனா ஏறாத பஸ் தர்மபுரிக்குப் போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் வந்த வழியே நடந்தார்கள். திரும்பும்போது அவள் பத்தடி முன்னால் போகவில்லை. பையை அவன் வைத்திருந்தான். மரத்தடிப் பெண்கள் மறுபடியும், எங்க போய்ட்டு வரீங்க என்று கேட்டார்கள். சும்மா என்று ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். வீட்டுக்குப் போனதும் அவள் மருந்தில்லாத கூழ் ஒரு சொம்பு கரைத்துக் கொடுத்தாள். நன்றாகப் புளித்த, வெங்காயம் மிதக்கிற கூழ். அவன் நின்றபடியே குடித்து, ஏப்பம் விட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஒன்பதரை மணிக்கு மேல் போன தக்காளியையும் மண்டியில் குறை சொல்லாமல் இறக்கிக்கொண்டார்கள்.

சூடம் அணைத்துச் சொன்ன இவ்வளவும் சத்தியம்தான், ஒரே ஒரு விஷயம்: மாயவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.